சுகாதாரப் பணியாளர் குரூப்புல பேச்சு நடக்க என்ன செய்யணும்? (நெல்லை பக்கம்)

முக்கூடல்காரி:

எல்லாருக்கும் வணக்கம். நான் முக்கூடல், பாப்பாக்குடி பக்கம் பீடி சுத்துத பொம்பளையாளுக மத்தியில சுகாதாரக் கல்வி வேலை பாக்குதேன், சின்ன தொண்டு நிறுவனம்தான். போன வருஷம் பாளையங்கோட்டைல ஒரு பயிற்சி நடந்துச்சு. கிராம சுகாதார செவிலியர் அக்காமாரு, மக்களைத் தேடி மருத்துவம் தன்னார்வலருங்க, ஹெல்த் இன்ஸ்பெக்டர் சிலபேரு, பள்ளிக்கூட டீச்சருங்க, நர்சிங் காலேஜ்ல பாடம் எடுக்கவங்க, எங்கள மாதிரி என்.ஜி.ஓ ஆளுகன்னு எல்லாரும் கலந்து வந்திருந்தாவ. வகுப்புல நடந்தத விட மதியச் சாப்பாட்டு நேரத்துல பேசின பேச்சு ரொம்ப நல்லாருந்துச்சு, இது இத்தோட நிக்கக் கூடாதுன்னு அங்கனயே ஒரு வாட்ஸ்அப் குரூப் தொடங்கி என்னைய அட்மின் ஆக்கிட்டாவ.

இப்ப இருநூறு பேருக்கு மேல இருக்காவ. பேச்சுதான் இல்ல. காலைல ரோஜாப்பூ போட்ட குட் மார்னிங், அப்புறம் இன்னைக்கு இந்த தினம் நாளைக்கு அந்த தினம்னு போஸ்டர், யாராவது ஒருத்தர் சர்க்கரைக்கு கசாயம் சொல்லுவாவ, நடுவுல ஒரு சர்க்குலர், சாயங்காலம் முகாம் போட்டோ, அவ்வளவுதான். போன மாசம் ஒரு அக்கா உருப்படியா ஒண்ணு கேட்டாவ. பீடி சுத்துத வீட்டுல போயி புகையிலை கெடுதல்னு சொன்னா "நான் என்ன குடிக்கவா செய்யுதேன், கைதானே படுது, இத விட்டா சோத்துக்கு என்ன வழி"ன்னு கேக்காவ, அவங்ககிட்ட எங்கேந்து பேச்ச ஆரம்பிக்கன்னு. அதுக்கு வந்தது பூராவும் கும்பிடுத கையும் கட்டைவிரலும்தான், ஒருத்தர் புகையிலை ஒழிப்பு போஸ்டர் போட்டாரு. அந்த அக்கா அதுக்கப்புறம் வாயே தொறக்கல.

இத எப்படி சரி பண்ண? டெலிகிராமுக்கு மாத்தினா நல்லதா, இல்ல ரூல்ஸ் போடணுமா, அதிகாரிங்க ரெண்டு மூணு பேரு உள்ள இருக்காவ அதனாலதான் யாரும் பேச மாட்டேங்காவளா, போட்டோல நோயாளி முகமெல்லாம் வருதே அத எப்படி தடுக்க, எல்லாத்தையும் விட நான் ஒருத்தியே எவ்வளவு நேரம் இத பாத்துக்கிட்டே இருக்க முடியும். இப்படி குரூப் நடத்தின அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

பாளை அண்ணாச்சி:

தாயி, நான் ரிட்டயர் ஆன ஹெல்த் எஜுகேட்டர். குரூப்புக்கு முன்னாடி மாதாந்திர கூட்டம், அதுக்கும் முன்னாடி தபால்னு எல்லாம் பாத்தவன், அதனால கொஞ்சம் நீட்டி சொல்லுதேன், பொறுத்துக்கோ.

முதல்ல அந்த சர்க்குலர வெளிய அனுப்பு. உத்தரவு வார இடத்துல கேள்வி வராது. நாளைக்கு காலைல பத்து மணிக்குள்ள ரிப்போர்ட் அனுப்புன்னு ஒரு மெசேஜ் வந்த பெறகு அதுக்கு கீழ "எனக்கு ஒரு சந்தேகம்"னு எழுத எந்த செவிலியருக்கு தைரியம் வரும்? ரிப்போர்ட், சர்க்குலர், முகாம் போட்டோ எல்லாத்துக்கும் ஏற்கனவே டிபார்ட்மென்ட் குரூப்பு இருக்கும், அங்க போகட்டும். இது பேசுததுக்கு மட்டும்னு வச்சுக்கோ. குரூப் பேருலயே அது தெரியணும்.

அடுத்தது எதப் பத்தி பேசன்னு. இங்கதான் நெறைய பேரு தடுமாறுதாங்க, ஏன்னா சுகாதார மேம்பாடுன்னா நோட்டீஸ் குடுக்கது, பேரணி விடுதது, அவ்வளவுதான்னு நெனப்பு. 1986ல கனடாவுல ஒட்டாவாங்குத ஊர்ல உலக சுகாதார நிறுவனம் கூட்டின மாநாட்டுல ஒரு சாசனம் போட்டாங்க, அதுல அஞ்சு வேலை சொல்லுதாங்க. நலவாழ்வுக்கு ஏத்த கொள்கை, நல்லபடியா வாழ ஏத்த சூழ்நிலை, ஊரு மக்களே சேர்ந்து செய்யுத காரியம், தனி மனுஷனோட திறமை, அப்புறம் ஆஸ்பத்திரி சேவைய நோய் வராம தடுக்கது பக்கமா திருப்புதது. நம்ம நோட்டீஸ் எல்லாம் நாலாவதுல மட்டுந்தான் நிக்கும்.

ராதாபுரம், திசையன்விளை பக்கம் எடுத்துக்கோ. தண்ணி தெனமும் வராத தெருவுல டிரம்முல, குடத்துல, சிமெண்டு தொட்டில பிடிச்சு வச்சிருப்பாவ. அங்க போயி "வாரம் ஒரு தடவ கொட்டிட்டு தேச்சு கழுவுங்க, டெங்கு கொசு வரும்"னு சொன்னா அந்த பொம்பளை என்ன செய்வா? கொட்டினா அடுத்த தண்ணி எப்பன்னு அவளுக்கு தெரியாது. நம்ம சொல்லுதது தப்பில்ல, ஏடிஸ் கொசு முட்டையிலேந்து பறக்க ஒரு வாரம் பத்து நாள்தான் ஆகும், முட்டை பாத்திரத்து ஓரத்துல ஒட்டிக்கிட்டு காஞ்சு போயும் மாசக்கணக்குல உசுரோட இருக்கும், அதனாலதான் தேய்க்கணும்ங்கோம். ஆனா அவ சொல்லுததும் நியாயம். அப்ப கேள்வி மாறுது பாத்தியா. மூடி போட என்ன வழி, பழைய சேலைத் துணிய இறுக்கி கட்டினா போதுமா, எந்த தொட்டிய கொட்டலாம் எத கொட்ட வேண்டாம், பஞ்சாயத்துல பேசி தண்ணி விடுத நாள முன்கூட்டியே சொல்ல வைக்க முடியுமா. இந்த பேச்சுக்குத்தான் குரூப்பு வேணும். போஸ்டருக்கு குரூப்பு எதுக்கு?

கேள்வி கேக்கதுக்கு ஒரு பழக்கம் உண்டாக்கு. எந்த ஊரு, எந்த மாதிரி ஆளுக, நீ என்ன செஞ்சு பாத்த, எங்க முட்டுச்சு. நாலே வரி. "டெங்கு விழிப்புணர்வு பற்றி கருத்து கூறவும்"னு கேட்டா ஒருத்தரும் சொல்ல மாட்டாங்க, "இந்த தெருவுல இத்தன வீட்டுல மூடிய எடுத்து உள்ள வச்சிட்டாங்க, ஏன்னு புரியல"ன்னு கேட்டுப்பாரு, களக்காட்டுலேந்து ஒருத்தி பதில் போடுவா.

இன்னொரு விஷயம், பேசாம இருக்கவங்கள நெனச்சு வருத்தப்படாத. ஜேக்கப் நீல்சன்னு இணையத்த பத்தி ஆராய்ச்சி பண்ணுதவர் 2006லயே எழுதினாரு, எந்த ஆன்லைன் கூட்டத்த எடுத்தாலும் தோராயமா நூத்துல தொண்ணூறு பேரு வாசிக்க மட்டும் செய்வாங்க, ஒம்பது பேரு எப்பவாவது எழுதுவாங்க, ஒருத்தர்தான் ஓயாம எழுதுவாருன்னு. அந்த கணக்குல உன் குரூப்புல இருபது பேரு வாய தொறந்தாலே அது ஓடுத குரூப்பு. வாசிச்சிட்டு மறுநாள் ஊருல போயி செய்யுதவ எழுதுதவள விட முக்கியம்.

அந்த பீடி கேள்விக்கு பதில் வராததுக்கு காரணம் என்னன்னா கேள்விய போட்டுட்டு காத்திருந்ததுதான். போடுததுக்கு முன்னாடியே நாலு பேருக்கு போன் போட்டு "நாளைக்கு இத போடப்போறேன், நீங்க ரெண்டு வரி எழுதுங்க"ன்னு சொல்லி வைக்கணும். நடத்துதவங்க வேலைல முக்கால்வாசி குரூப்புக்கு வெளியதான் நடக்கும், போன்லயும் நேர்லயும். முதல் பதில் கொஞ்சம் முன்னபின்ன இருந்தாலும் பரவால்ல, அதப் பாத்து திருத்தவாவது ரெண்டு பேரு வருவாங்க.

வாரம் முடிஞ்சதும் யாராவது ஒருத்தர் பேசினத பத்து வரில தொகுத்து போடணும். இந்த கேள்வி வந்துச்சு, இன்னாரு இப்படி சொன்னாரு, இன்னாரு ஒத்துக்கல, இது இன்னும் முடியலன்னு. ஹைஃபான்னு ஒரு உலக அளவு மின்னஞ்சல் குழு 2006லேந்து நடக்கு, சுகாதாரத் தகவல் எல்லாருக்கும் கிடைக்கணும்னு பேசுதவங்க. அங்க எந்த கடிதமும் மாடரேட்டர் பாத்த பெறகுதான் எல்லாருக்கும் போகும், எழுதுதவரு யாரு எந்த நாடு என்ன வேலைன்னு அடியில ரெண்டு வரி இருக்கும். நம்மளுக்கு அந்த அளவு கட்டுப்பாடு வேண்டாம், ஆனா பேருக்கு கீழ "அம்பை வட்டாரம், செவிலியர்"னு ஒரு வரி போடுத பழக்கத்த எடுத்துக்கலாம். யார் எந்த மண்ணுலேந்து பேசுதாங்கன்னு தெரிஞ்சாத்தான் பதிலுக்கு மதிப்பு.

வள்ளியூர் தம்பி:

அண்ணாச்சி எல்லாத்தையும் சொல்லிட்டாவ, நான் ஆப்பு பக்கம் மட்டும் சொல்லுதேன்.

டெலிகிராம்ல வசதி ஜாஸ்தி, அத மறுக்க முடியாது. நம்பர மறைச்சு வைக்கலாம், டெங்கு தனியா கர்ப்பிணி தனியா மனநலம் தனியான்னு தலைப்பு பிரிச்சு பேசலாம், ரெண்டு லட்சம் பேரு வர சேக்கலாம் (நமக்கு எதுக்கு), புதுசா வாரவங்க பழைய பேச்ச மேல போயி படிக்கலாம். ஆனா அக்காமாரு போன்ல இருக்கது வாட்ஸ்அப். புது ஆப்ப போடச் சொன்னா போடுவாவ, தொறக்க மாட்டாவ. அதனால மாறாதீங்க, ஆளு இருக்க எடத்துலதான் குரூப்பும் இருக்கணும்.

வாட்ஸ்அப்லயே செய்யக்கூடியது இருக்கு. புதுசா வாரவங்கள அட்மின் ஒத்துக்கிட்டாத்தான் உள்ள விடுதுன்னு செட்டிங்க்ஸ்ல போட்டுருங்க. சேருத லிங்க்க ஃபேஸ்புக்ல போட்டிருந்தா உடனே ரீசெட் பண்ணிட்டு புதுசு எடுங்க, எவன் எவனோ உள்ள வந்து பொம்பளையாளுக நம்பர எடுத்துட்டு போயிருவான், வாட்ஸ்அப் குரூப்புல நம்பர் எல்லாருக்கும் தெரியும்ங்கத மறந்துராதீங்க. வேண்டாத மெசேஜ அட்மினே எல்லாருக்கும் சேத்து அழிக்கலாம், அத பயப்படாம செய்யுங்க, ஆனா அழிச்ச ஒடனே அந்த ஆளுக்கு தனியா ஒரு வார்த்தை சொல்லிருங்க, இல்லன்னா மூஞ்சிய தூக்கிட்டு வெளிய போயிருவாவ. அந்த வாரத்து கேள்விய மேல பின் பண்ணி வைங்க. தானா அழியுத மெசேஜ் ஆப்ஷன் ஆன்ல இருந்தா ஆஃப் பண்ணுங்க, பேசினது எல்லாம் போயிரும்.

கருத்து கேக்கதுக்கு "போல்"னு (poll, ஓட்டு போடுத மாதிரி) ஒரு வசதி இருக்கு. எழுத கூச்சப்படுதவங்க கூட ஒரு விரலால தட்டிருவாவ, அதுலேந்து பேச்ச வளக்கலாம். "உங்க ஊர்ல தண்ணி எத்தன நாளைக்கு ஒருக்க வருது"ன்னு ஒரு போல் போட்டாலே போதும், அதுக்கு கீழ சண்டையே நடக்கும் பாருங்க.

தொகுப்ப கூகுள் டாக்ஸ்ல சேத்து வச்சு அந்த லிங்க்க குரூப் விவரத்துல போட்டு வைங்க. ஆறு மாசம் கழிச்சு தேடும்போதுதான் அதோட அருமை தெரியும், வாட்ஸ்அப்ல ஆயிரம் குட் மார்னிங்க்கு நடுவுல ஒரு பதில தேடுதது லேசுப்பட்ட சோலி இல்ல. அட்மின் ஒருத்தரா இருக்காதீங்க, மூணு பேராவது, அதுல ஒருத்தர் கட்டாயம் ஊருக்குள்ள வேலை பாக்குத செவிலியரா இருக்கணும்.

களக்காட்டு நர்சக்கா:

அண்ணாச்சி பெரியவுக, சொன்னது எல்லாம் சரிதான், ஆனா நாங்க ஏன் பேசலைன்னு எங்கள்ல ஒருத்தியும் இங்க சொல்லலயே, அதான் எழுதுதேன்.

காலைல எந்திரிச்சா போன்ல இருபது குரூப்பு. ஒவ்வொண்ணுக்கும் போட்டோ, ஒவ்வொண்ணுக்கும் லொக்கேஷன். செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிங்க வருவாவ, புதன்கிழமை தடுப்பூசி, மத்த நாள் வீடு வீடா போகணும், சாயங்காலம் பிக்மியில (கர்ப்பிணி, குழந்தை விவரம் பதியுத அரசாங்க இணையதளம்) ஏத்தணும், சர்வர் எப்ப வரும்னு தெரியாது. இதுக்கு நடுவுல ராத்திரி பத்தரைக்கு "அன்பு நெஞ்சங்களே உங்கள் கருத்து என்ன"ன்னு ஒரு மெசேஜ் வந்தா நான் என்ன சொல்லுவேன். குரூப்ப மியூட்ல போட்டுட்டு படுத்துருவேன். எல்லாரும் அதத்தான் செய்யுதோம். முதல்ல ராத்திரி எட்டரைக்கு மேல காலைல எட்டுக்கு முன்னாடி யாரும் எதுவும் போடக்கூடாதுன்னு ரூல் போடுங்க. கேள்விய செவ்வா புதன்ல போடாதீங்க. வியாழன் மதியம் ரெண்டு மணிக்கு போட்டா பஸ்ஸுக்கு நிக்கும்போது படிப்போம்.

எழுததும் கஷ்டம். தமிழ்ல டைப் பண்ணத் தெரியாதவங்க இருக்காவ, தெரிஞ்சாலும் கண்ணாடி இல்லாம முடியாது. வாய்ஸ் போட விடுங்க. ரெண்டு நிமிஷத்துக்கு மேல போகக்கூடாதுன்னு மட்டும் சொல்லுங்க. அத எழுத்துல மாத்தி தொகுப்புல சேக்கது உங்க பொறுப்பு. இங்கிலீஷ்ல பி.டி.எஃப் நாப்பது பக்கம் அனுப்பி "ப்ளீஸ் ரீட்"னு போடாதீங்க, அத விட அதுல ரெண்டு பக்கத்துல என்ன இருக்குன்னு தமிழ்ல சொல்லுங்க.

அப்புறம் இந்த அதிகாரி விஷயம். முக்கூடல்காரி தங்கச்சி மெதுவா கேட்டிருக்கா, நான் பட்டுன்னு சொல்லுதேன், இருந்தா பேச மாட்டோம். என் ஏரியாவுல ஒரு தெருவே தடுப்பூசிக்கு வர மாட்டேங்கு, என்ன பண்ணன்னு நான் கேக்கணும்னு வைங்க. மேல உள்ளவங்க பாத்தா ஏன் கவரேஜ் கொறஞ்சிருக்குன்னு மெமோ வரும், உதவி வராது. அவங்கள வெளிய போங்கன்னு சொல்லவும் முடியாது, அது வேற வம்பு. அதுக்கு ஒரு வழி, கேள்விய அட்மினுக்கு தனியா அனுப்புதோம், அட்மின் பேரில்லாம "ஒரு மலையடிவார கிராமத்துலேந்து ஒரு கேள்வி"ன்னு போடட்டும். அண்ணாச்சி சொன்ன மாதிரி ஊரு பேரு எல்லாத்துக்கும் போட்டா இது நடக்காது. ஊரு போடணும்னு நெனைக்கவங்க போடட்டும், போடாதவங்கள வற்புறுத்தக் கூடாது.

பீடி கேள்விக்கு நான் பதில் சொல்லுதேன், இங்கயே சொல்லிட்டுப் போறேன். எங்க அத்தை வீட்டுல எல்லாரும் பீடிதான். புகையிலை கெடுதல்னு ஆரம்பிச்சா சொளவ (முறத்த) மடியில வச்சிருக்கவளுக்கு அது அவ சோறு கெடுதல்னுதான் காதுல விழும். கழுத்து வலிக்கா, இடுப்பு வலிக்கா, ராத்திரி இருமல் இருக்கான்னு கேளுங்க. ஆமான்னு சொல்லுவா, அதுக்கப்புறம் அவளே பேசுவா. புகையிலைத் தூள அடுப்பாங்கரைலயும் புள்ள படுக்குத எடத்துலயும் வைக்காத, ஜன்னல் பக்கமா உக்காந்து சுத்து, ஒரு மணி நேரத்துக்கு ஒருக்க எந்திரிச்சு நடந்துட்டு வா, கை கழுவாம புள்ளைக்கு சோறோ பாலோ குடுக்காத. இவ்வளவும் அவளால இன்னைக்கே முடியும். வேலைய விடுதது அவளால முடியாது, அது அரசாங்கம் வேற தொழில் காட்டினாத்தான். அந்த அக்காகிட்ட சொல்லிருங்க.

சும்மா எட்டிப்பாத்தவன்:

இத்தன ரூல் போட்டா அது குரூப்பா ஆபீசா வே? எனக்கு தெரிஞ்சு நல்லா ஓடுத குரூப்பு எல்லாம் நேர்ல பழகினவங்க குரூப்புதான். மூணு மாசத்துக்கு ஒருக்க ஒரு ஞாயித்துக்கிழமை பாளைல ஒரு எடத்துல கூடி டீயும் வடையுமா ரெண்டு மணி நேரம் பேசுங்க, அப்புறம் வாட்ஸ்அப்பும் தானா ஓடும். மொகம் தெரியாத இருநூறு பேருகிட்ட எவன் மனசு தொறந்து பேசுவான். நான் சுகாதாரத்துறை இல்ல, பஸ் ஸ்டாண்டு பக்கம் கடை வச்சிருக்கேன், வியாபாரிங்க குரூப்பு நடத்துத அனுபவத்துல சொல்லுதேன்.

தென்காசி டாக்டரம்மா:

கடைக்கார அண்ணாச்சி சொன்னதுல பாதி சரி, பயிற்சில மதியச் சாப்பாட்டு நேரத்துல பேச்சு நடந்துச்சுன்னு கேட்டவங்களே சொல்லிருக்காங்க. ஆனா மாஞ்சோலைக்கும் உவரிக்கும் எவ்வளவு தூரம், எல்லாரும் பாளைக்கு வர முடியாது, அதனால குரூப் வேணும்.

நான் சொல்ல வந்தது மூணு ஆபத்து.

நோயாளி போட்டோ. முகம் மறைச்சிட்டா போதும்னு நெனைக்காங்க, போதாது. பின்னாடி வீடு தெரியும், ஊர் பேரு தெரியும், ரேஷன் கார்டு தெரியும், கிராமத்துல அதுவே ஆள கண்டுபிடிக்க தாராளமா போதும். எச்.ஐ.வி இருக்கவங்க விவரத்த அவங்க சம்மதம் இல்லாம வெளிய சொல்லக்கூடாதுன்னு 2017ல சட்டமே வந்திருக்கு. பாலியல் கொடுமைக்கு ஆளான குழந்தைன்னா பேரு, முகவரி, பள்ளிக்கூடம், போட்டோ எதுவுமே வரக்கூடாது, போக்சோ சட்டத்துல தெளிவா இருக்கு. கல்யாணம் ஆகாத பொண்ணு கர்ப்பம், காசநோய், மனநலம், இதுக்கெல்லாம் ஊர்ல என்ன பேச்சு வரும்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. ரூல் ஒரே வரில இருக்கட்டும், நோயாளி படம் எந்த காரணத்துக்காகவும் இந்த குரூப்புல கிடையாது. புண்ணு, தடிப்பு மாதிரி எதாவது டாக்டர்கிட்ட காட்டணும்னா சம்மதம் வாங்கிட்டு டாக்டருக்கு தனியா அனுப்புங்க. யாராவது தற்கொலை எண்ணத்த பத்தி எழுதினா குரூப்புல அறிவுரை சொல்லிக்கிட்டு இருக்காம அட்மின் உடனே தனியா கூப்பிட்டு பேசணும், டெலி மானஸ்ங்குத அரசாங்க மனநல உதவி நம்பர் 14416-அ குரூப் விவரத்துல எப்பவும் வச்சிருங்க.

ரெண்டாவது வதந்தி. 2017 பிப்ரவரில தட்டம்மை ரூபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கின நேரம் ஞாபகம் இருக்கா, வாட்ஸ்அப்ல வந்த பொய்ய நம்பி பெத்தவங்க பிள்ளைகள பள்ளிக்கூடத்துக்கே அனுப்பாம விட்டாங்க, தமிழ்நாட்டுல முகாம் தேதிய நீட்டிக்க வேண்டி வந்துச்சு. அப்ப நடந்த கூத்து என்னன்னா நல்ல எண்ணத்துல "இது உண்மையா"ன்னு கேட்டே நம்ம ஆளுகளும் அந்த மெசேஜ பத்து குரூப்புக்கு அனுப்பினாங்க. அதனால சந்தேகமான ஃபார்வர்டு வந்தா அத அப்படியே போடாதீங்க, அட்மினுக்கு அனுப்புங்க. பதில் எழுதும்போது பொய்ய தலைப்புல வைக்காம சரியான செய்திய முதல்ல எழுதுங்க, பொய்ய ஒரு தடவ சுருக்கமா சொல்லி ஏன் தப்புன்னு காட்டிட்டு மறுபடியும் சரியானத சொல்லி முடிங்க. முடிஞ்சா தாய்மார்கிட்ட அப்படியே சொல்லக்கூடிய பேச்சுத் தமிழ்ல ஒரு நிமிஷ வாய்ஸா போடுங்க, ஊர் குரூப்புல எழுத்த விட அது வேகமா போகும். கசாய மெசேஜுக்கும் இதே கதைதான். கசாயத்த திட்ட வேண்டாம், குடிக்கவங்க குடிக்கட்டும், மாத்திரைய நிறுத்திட்டு குடிங்கன்னு வந்தா மட்டும் விடாதீங்க.

மூணாவது யாரும் யோசிக்காதது. இருநூறு சுகாதாரப் பணியாளர் ஒரே எடத்துல இருக்காங்கன்னா கம்பெனிக்காரங்க மோப்பம் பிடிச்சு வருவாங்க. கூட்டத்துக்கு சாப்பாடு நாங்க தாரோம், பேக் தாரோம்னு ஆரம்பிப்பாங்க. பால் பவுடர், குழந்தை உணவு விக்கிறவங்கன்னா 1992ல வந்த சட்டமே இருக்கு, விளம்பரம் கூடாது, சுகாதாரப் பணியாளருக்கு பரிசோ சலுகையோ குடுக்கக் கூடாது. சத்து பவுடர் சேல்ஸ் பண்ணுதவங்க நம்மள்லயே சிலபேரு இருக்காங்க, அவங்களுக்கும் சேத்துதான் சொல்லுதேன்.

நர்சக்கா, நீங்க எழுதின பீடி பதில என் மாணவிகளுக்கு வகுப்புல வாசிச்சுக் காட்டலாமா?

களக்காட்டு நர்சக்கா:

தாராளமா காட்டுங்க டாக்டர். அத்தை வீடுன்னு மட்டும் சொல்லாதீங்க, பக்கத்து வீடுன்னு சொல்லுங்க.

முக்கூடல்காரி:

இவ்வளவு பேரு இவ்வளவு எழுதுவீங்கன்னு நெனைக்கல. நர்சக்கா பதில அந்த அக்காவுக்கு போன்ல வாசிச்சு காட்டினேன், "ஆமா, கழுத்து வலின்னு ஆரம்பிச்சா வாசல்ல நிக்க வைக்க மாட்டா, உள்ள கூப்பிட்டு உக்கார வைப்பா"ன்னு சொல்லிட்டு அவங்களே வியாழக்கிழமைக்கு ஒரு கேள்வி தாரேன்னு சொல்லிருக்காவ.

பழைய குரூப்ப கலைக்கல. அத அறிவிப்புக்கு விட்டுட்டேன், போஸ்டரும் போட்டோவும் அதுலயே ஓடட்டும். புதுசா ஒண்ணு தொடங்குதேன், வாரேன்னு தானா சொன்னவங்கள மட்டும் சேக்கப் போறேன், நாப்பது பேரு வந்தாலும் போதும். அட்மினா ஒரு செவிலியர், ஒரு டீச்சர், நான். ஆளுக்கு ஒரு வாரம். நேர்ல கூடுததுக்கு ஆடி அமாவாசை முடியட்டும்னு இருக்கேன், அந்த சமயம் சொரிமுத்தையனார் கோயில் கூட்டத்துக்கு காரையாறுக்கு டூட்டி போறவங்க நெறைய பேரு இருக்காவ.

முதல் மெசேஜா இத போடலாம்னு எழுதி வச்சிருக்கேன், பாத்து திருத்துங்க:

"இது பேசுததுக்கான குரூப். ஊர்ல வேலை பாக்கும்போது முட்டுன எடத்த கேளுங்க, செஞ்சு பாத்தத சொல்லுங்க, சரியா வராததையும் சொல்லுங்க. வாரம் ஒரு கேள்வி, வியாழன் மதியம். எழுத்தோ ரெண்டு நிமிஷ வாய்ஸோ எதுவும் போடலாம். பேரு வேண்டாம்னா அட்மினுக்கு தனியா அனுப்புங்க. நோயாளி படம், பேரு, முகவரி கிடையாது. வாழ்த்து, அரசியல், விற்பனை, ஃபார்வர்டு கிடையாது. ராத்திரி எட்டரைக்கு மேல வேண்டாம். இங்க பேசினத வெளிய ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பக் கூடாது. உயர் அதிகாரிகளும் உறுப்பினராக இருக்கலாம்."

கடைசி வரி போட மனசில்ல, ஆனா போடலன்னா ஏன் எங்கள சேக்கலன்னு கேப்பாவ. என்ன செய்ய?

பாளை அண்ணாச்சி:

கடைசி வரிய எடுத்துரு. அதுக்கு பதிலா "இங்க பதவி கிடையாது, இங்க வந்த கேள்விய வச்சு யாரும் யாரிடமும் விளக்கம் கேக்க மாட்டோம், அதுக்கு சம்மதம்னா வாங்க"ன்னு போடு. சம்மதம்னு பதில் போட்டவங்கள மட்டும் உள்ள விடு, அதிகாரியா இருந்தாலும் சரி. நான் வேலைல இருந்தப்ப மனசார அப்படி வந்து உக்காந்த அதிகாரி ஒண்ணு ரெண்டு பேரு உண்டு, அவங்க இருந்தா குரூப்புக்கு பலம்தான், பஞ்சாயத்துல பேச, தண்ணி வாரியத்துல பேச அவங்க வேணும். மத்தவங்க சம்மதம்னு எழுத மாட்டாங்க, தானா நின்னுருவாங்க. ஸ்கிரீன்ஷாட் வரிய ரெண்டாவதா கொண்டு போ, அதுதான் எல்லாரும் முதல்ல பாப்பாங்க.

களக்காட்டு நர்சக்கா:

அண்ணாச்சி சொன்னபடி போடு தங்கச்சி. "வாழ்த்து கிடையாது"ன்னு மொட்டையா போடாத, தீபாவளி பொங்கல் ரம்ஜான் கிறிஸ்மஸ் நாலுக்கும் அன்னைக்கு மட்டும் விட்டுரு, இல்லன்னா அட்மினுக்கு ரொம்ப திமிருன்னு மேலப்பாளையத்துலேந்து உவரி வர பேசுவாவ. எட்டரைய எட்டாக்கு. என் நம்பர உனக்கு தனியா அனுப்பிருக்கேன், சேத்துரு.